எல்லா எழுத்துக்கும் ஒரே நிறை

நன்றி நவிலல் என்றால் என்னவென்று பாரிசின் லா ஷப்பலில் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் குடும்பத்தார் அறிவித்தல் கொடுப்பார்கள். நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் அழுதவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், சோற்றுச் சட்டியோடு படியேறியவர்கள் எல்லோருக்கும் நன்றி. வாசகம் எப்போதும் ஒன்றுதான், படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். ரூ லூயி-பிளாங்கில் ஏதாவது ஒரு கடைக் கண்ணாடியில் அப்படி ஒன்று ஒட்டியிருக்காத கிழமை கிடையாது.

புனிதவதிக்கு அந்த வாசகம் போதவில்லை. அதுதான் பிரச்சினை.

புனிதவதிக்கு அறுபத்திரண்டு வயது. அதே தெருவில் ராதாகிருஷ்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருடமாக இடியப்பம் பிழிகிறார். கடையில் பெரியவர்களுக்கு அவர் அக்கா, சின்னவர்களுக்கு அன்ரி. அலுவலகங்களில் 'மதாம் பு...' என்று தொடங்குவார்கள். பிறகு பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோவார்கள், பிறகு வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் தன் பெயர் என்று புனிதவதி எழுந்து போய்விடுவார். முழுப் பெயரையும் வாயால் சொல்லுகிற ஒரே ஆள் அவருடைய தம்பி குலசேகரம். அதுவும் தொலைபேசியில் அக்கா ஓயாமல் புத்தி சொல்லி, அவருக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும்தான். 'புனிதவதி!' என்று ஒரு சத்தம் போடுவார். அதோடு இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள்.

அந்தக் குலசேகரம்தான் மாசி மாதம் நோர்வேயில் காலமானார்.

இருபது வயதில் போனவர். நோர்வேயின் வடக்கு முனையில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஸ்கார்வெவீக் என்ற மீன்பிடிக் கிராமத்தில், மீன் இறக்கி வெட்டிப் பெட்டி கட்டும் ஆலையில் வேலை. அவரோடு போன எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். இவர் அசையவில்லை. கலியாணமும் கட்டவில்லை. 'இஞ்சை எனக்கு என்ன குறை?' என்று கேட்பார். குறையைப் பட்டியல் போட அக்கா தயாராக இருந்தபடியால், பேச்சு எப்போதும் 'புனிதவதி!'யில் போய்த்தான் முடியும்.

தம்பிக்கு நோய் முற்றியபோது புனிதவதியால் போக முடியவில்லை. அவருடைய பயணப் பத்திரம் காலாவதியாகி நான்கு வருடம். எங்கும் போகாத மனிசிக்கு அது எதற்கு என்று புதுப்பிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தார். வேறு யாரிலும் பிழை சொல்ல வழியில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களிலேயே தம்பி போய்விட்டார்.

கடைசி மூன்று நாளும் ரண்டி என்ற தாதி அவருடைய கட்டிலடியில் இருந்தாள். கைத்தொலைபேசியை, படம் தெரிய, அவர் காதுக்குக் கிட்டச் சாத்தி வைத்தாள். புனிதவதி இங்கே குசினியில் நின்றுகொண்டே பேசினார். 'தம்பி, அக்காடா' என்பதற்கு மேல் என்ன பேசினோம் என்று அவருக்கே நினைவில்லை. நினைவில் நின்றது ஒன்றுதான். ரண்டி சின்னப் பஞ்சொன்றைத் தண்ணீரில் தோய்த்து, பிழிந்து, தம்பியின் உதட்டில் வைத்தாள். பிறகும் தோய்த்தாள், பிறகும் வைத்தாள். தன் கை செய்ய வேண்டிய வேலையை இன்னொரு கை செய்வதைப் புனிதவதி கண்ணாடித் திரையில் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொறாமை வரவில்லை. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்ற வேண்டும் போல் இருந்தது.

செத்தவீட்டையும் தொலைபேசியில்தான் பார்த்தார். இரவு முழுக்கக் கொட்டிய பனி, ஆள் உயரத்துக்கு. பனி தள்ளும் லொறிக்காரன் விடிய முன்னம் எழும்பி, தேவாலயம் வரை ஒன்பது கிலோமீற்றர் தெருவைத் துப்புரவாக்கியிருந்தான். அதோடு விட்டானா? சவப்பெட்டி வண்டிக்கு முன்னால், மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, மெதுவாகக் கடைசி வரை போனான். மீன் ஆலையில் ஒரு மணித்தியாலம் யந்திரங்களை நிற்பாட்டினார்கள். கிராமத்து மண்டபத்தில் எல்லோருக்கும் கோப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத செத்தவீட்டில் அறுபது பேர்.

இவ்வளவு பேருக்கும் தமிழில் ஒரு அறிவித்தல் அடித்து ரூ லூயி-பிளாங் கண்ணாடியில் ஒட்டினால் போதுமா?

"அக்கா, இணையத்திலையும் போடுவம்," என்றார் ராதாகிருஷ்ணன். நல்ல மனிசன், ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. "உலகம் முழுக்கப் பாக்கும்."

"உலகம் பாக்கட்டும் தம்பி. ரண்டி பாப்பாவோ?"

ராதாகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். "அப்ப என்ன செய்யப் போறியள்?"

"முப்பத்தோராம் நாள் அந்த ஆக்களைக் கூப்பிட்டு, அவையின்ரை பாஷையிலை, நானே சொல்லப் போறன்."

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பது வருடம் பாரிசில் இருந்து பிரெஞ்சையே கையாலும் கண்ணாலும் பேசுகிற மனிசி, பதினெட்டு நாளில் நோர்வே பாஷை பேசப் போகிறாராம்.

அங்கேதான் லக்ஷனா வருகிறாள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, படிப்புக்கென்று ஒரு வருடம் பாரிசுக்கு வந்த பிள்ளை. சனி ஞாயிறுகளில் கடையில் காசுப் பெட்டியடியில் நிற்பாள். யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் தொடங்க முதல் ஒரு வினாடி யோசிப்பாள். புனிதவதி சொன்ன நன்றியை அவள்தான் ஐந்து வசனமாக நோர்வேஜிய மொழியில் எழுதி, தமிழ் எழுத்தில் ஒலியையும் போட்டுக் கொடுத்தாள்.

புனிதவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவாக, ஒன்றுக்கும் குறை வைக்காமல் வாசித்தார். மூச்சு முடிந்த இடத்தில் நிறுத்தினார், மூச்சு வந்த இடத்தில் தொடங்கினார். வாசித்து முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் நிமிர்ந்தார்.

லக்ஷனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்ரி... ஒண்டும் விளங்கேல்லை."

"எழுத்துப் பிழையோ?"

"எழுத்தெல்லாம் சரி. வெட்டினது பிழை, அழுத்தினதும் பிழை." கடைத் துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்து, பென்சிலால் கோடு போட்டாள். "அங்கை சொல்லுகளை ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாக்கி விடுவினம். வீட்டுக்கு வந்து பாக்கிற தாதிமாருக்கு யெம்மெசீக்கெப்ளையன். யெம்மெ எண்டா வீடு. அதிலை ஒரு வெட்டு. சீக்கெப்ளையன், தாதிமார். நீங்கள் யெம் எண்டுறதிலை முழுப் பாரத்தையும் போடோணும். பிறகு வாறதெல்லாம் அதுக்குக் கீழை, மெல்லமாத்தான் வரோணும். எல்லாத்துக்கும் ஒரே பாரம் போட்டா அவைக்கு எது தலை, எது வால் எண்டு தெரியாது."

மீன் ஆலைக்கு ஃபிஸ்கெமூத்தாக். ஃபிஸ்கெ என்றால் மீன், அதில் பாரம். கிராமத்து மண்டபத்துக்கு க்ரென்னெஹூஸ். க்ரென்னெயில் பாரம், ஹூஸ் பின்னால் வரும். இவை மூன்றும் பரவாயில்லை. பனி தள்ளும் லொறியின் சாரதிக்குத்தான் அவர்கள் வைத்திருந்த சொல் ஒரு பெட்டி வண்டி நீளம்: ப்ரொய்தெபீல்ஷொஃபோர்.

அதில் புனிதவதிக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. "ஷொஃபோர் எண்டா எங்கடை ஷொஃபெர் தானே! பஸ் ஷொஃபெர்!"

"ஓம் அன்ரி, பிரெஞ்சிலையிருந்து எடுத்ததுதான்."

தெரிந்த முகத்தைக் கண்ட உற்சாகத்தில் புனிதவதி அந்த வாலையே பிடித்துக்கொண்டார். ப்ரொய்தெபீல் என்பதை வாய்க்குள் முணுமுணுத்து ஓடிவிட்டு, ஃபோர் என்று முடிவில் ஒரு குத்துக் குத்தினார். லக்ஷனா சிரிப்பை அடக்க மாட்டாமல் காசுப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள்.

"தனிய வந்தா ஷொஃபோருக்குக் கடைசியிலைதான் பாரம், அன்ரி. ஆனா ஒட்டிக்கொண்டு வரேக்கை அது தன்ரை பெருமையை விட்டிடோணும். முதல் வந்த ஆளுக்குத்தான் மரியாதை."

"பிறகு வந்தவை அடங்கி இருக்கோணும் எண்டு சொல்லு."

"ஓம்."

"உது பாஷையில்லை, மாமியார் வீடு," என்றார் புனிதவதி.

பகிடி விட்டாரே தவிர, சொல் வரவில்லை. நாலைந்து நாள் போயிற்று. அவர் குடியிருக்கும் லா கூர்னெவிலிருந்து வருகிற காலை ரயிலில் நின்றுகொண்டு முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஒருத்தி மெல்ல விலகி அடுத்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நின்றபோதும் வாய் ப்ரொய்தெ ப்ரொய்தெ என்றது. ஐயர் இதென்ன புதுத் தேவாரம் என்று திரும்பிப் பார்த்தார். வாய்க்குள் பாரம் என்றால் என்ன? மா மூட்டைக்குப் பாரம் இருக்கும். சொல்லுக்கு எப்படி?

ஆறாம் நாள் காலை, இடியப்ப உரலுக்குள் மாவை அடைத்துப் பிழியும்போது அவருக்குப் பிடிபட்டது. முதல் அழுத்துக்குத்தான் பலம் வேண்டும். தோளிலிருந்து இறங்க வேண்டும். மா ஒருதரம் இளகி வெளியே வரத் தொடங்கினால், பிறகு கை சும்மா கூடப்போனால் போதும், அது தானாகத் தட்டில் சுற்றிக்கொண்டு விழும். பத்தொன்பது வருடம் கை செய்கிற வேலை. வாய்க்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

உரலை அழுத்தினார். "ப்ரொய்..." பிறகு கையைத் தளர்த்தினார். "...தெபீல்ஷொஃபோர்."

லக்ஷனா அன்று கடைக்கு வரும் நாளில்லை. புனிதவதி தொலைபேசியில் கூப்பிட்டு, உரலைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"அன்ரி, திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னார்.

"விளங்குது!" என்று கத்தினாள் லக்ஷனா. "வடக்குச் சனம் சொல்லுற மாதிரியே விளங்குது!"

அன்றைக்கு இடியப்பம் வழக்கத்தைவிட இரண்டு தட்டுக் கூடிப்போனது. ராதாகிருஷ்ணன் சம்பலைக் கொஞ்சம் தாராளமாக அரைக்கச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை லக்ஷனா ஒரு புதினமான கேள்வி கேட்டாள். "அன்ரி, உங்கடை பேர் முழுசா எப்பிடி? எந்த எழுத்தை அழுத்திச் சொல்லோணும்?"

"தமிழிலை ஏன் பிள்ளை அழுத்துவான்? எல்லா எழுத்துக்கும் ஒரே நிறை."

"ஒருக்கா இதுக்குள்ளை சொல்லுங்கோ, மெதுவா." கைத்தொலைபேசியை நீட்டினாள்.

கடை அலுவலுக்கு ஏதோ பேப்பர் நிரப்புகிறாள் என்று நினைத்து, புனிதவதி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு பார்க்கப் போனார். தன் பெயரைத் தன் வாயால் சொல்லும்போது தம்பியின் குரல் நினைவுக்கு வந்தது. இனி அந்தப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்ல ஆளில்லை என்பதும் கூடவே வந்தது. உருளைக்கிழங்கு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. காலையில் புனிதவதியின் மகன் பிருந்தாபன் ஐயரை வைத்துக் கிரியை முடித்தான். மத்தியானம் கடையில் எல்லோருக்கும் சாப்பாடு. மூன்று மணிக்கு, வந்தவர்களில் பாதிப்பேர் போனபிறகு, கடைசி மேசையில் மடிக்கணினியை வைத்து லக்ஷனா ஸ்கார்வெவீக் மண்டபத்தைக் கூப்பிட்டாள்.

திரை வெளித்தது. நீள மேசைகள், மெழுகுதிரிகள், கம்பளிச் சட்டைகள், கோப்பிக் கோப்பைகள். முன்வரிசையில் ரண்டி. எல்லோரும் கையை ஆட்டினார்கள். பின்னால் ஜன்னலில் பனி இன்னும் இருந்தது.

புனிதவதி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லக்ஷனா காதோடு கேட்டாள்: "அன்ரி, ஏலாட்டி நான் வாசிக்கட்டோ? அவை ஒண்டும் நினைக்க மாட்டினம்."

"வேண்டாம்," என்றார் புனிதவதி. "என்ரை தம்பிக்கு நான் தண்ணி பருக்கேல்லை. பருக்கின ஆக்களுக்கு என்ரை வாயாலைதான் சொல்லோணும். நீ சொன்னா அது உன்ரை நன்றி பிள்ளை."

தொடங்கினார். முதல் வசனம் ரண்டிக்கும் மற்றத் தாதிமாருக்கும். யெம்மெசீக்கெப்ளையன் ஒழுங்காக வந்தது. ரண்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபிஸ்கெமூத்தாக் வந்தது. மேசையின் ஒரு பக்கம் இருந்த பெரிய உடம்புக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் வசனத்துக்கு வந்தபோது எழுத்து மங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் மங்கியது. கண்ணாடியில் ஒன்றுமில்லை, கண்ணில்தான் இருந்தது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ப்ரொய் எங்கே, பீல் எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

பேப்பரைக் கீழே வைத்தார். இரண்டு கையும் தாமாகவே நெஞ்சுக்கு நேரே வந்து, இல்லாத உரலின் இரண்டு பிடியையும் பற்றின. தோளிலிருந்து ஒரு அழுத்து.

"ப்ரொய்தெபீல்ஷொஃபோர்," என்றார். நன்றி, எங்கள் தம்பிக்கு வழி செய்தாய், அவருக்கு முன்னால் விளக்குப் பிடித்துப் போனாய்.

மண்டபத்தின் பின் மூலையில் ஒரு ஆள் எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தான். அவன்தான் தூர்ஸ்டைன் என்று லக்ஷனா மெல்லச் சொன்னாள். அவன் பிறகு கடைசி வரை உட்காரவேயில்லை.

நான்காம் வசனம் மண்டபத்துக்கு. ஐந்தாவது எல்லோருக்கும். "தூசன் தக்," என்று முடித்தார். ஆயிரம் நன்றி என்பதை அந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். புனிதவதிக்கு ஆயிரம் காணாது என்று பட்டது.

ஒருவரும் அசையவில்லை. கோப்பிக் கோப்பைச் சத்தம்கூட இல்லை. ஐயோ, ஒருவருக்கும் விளங்கவில்லை என்று புனிதவதி பயந்தார். பதினெட்டு நாளும் வீண். பிள்ளையைக் கொண்டே வாசிப்பித்திருக்கலாம். வீம்பு பிடித்த மனிசி என்று தன்னையே ஏசினார்.

ரண்டி எழுந்தாள். திரையைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். லக்ஷனா ஒரு வினாடி யோசித்து யோசித்துத் தமிழாக்கினாள்.

"அன்ரி, அவ சொல்லுறா, நீங்கள் சொன்னதிலை ஒரு சொல்லும் தவறேல்லையாம், எல்லாருக்கும் விளங்கினதாம். இனித் தங்கடை முறையாம்." லக்ஷனா புனிதவதியின் தோளில் கை வைத்தாள். "குலா மாமா உங்களோடை போனிலை சண்டை பிடிக்கேக்கை ஒரு நீளச் சொல்லைச் சத்தமாச் சொல்லிப்போட்டுச் சிரிப்பாராம். மீன் வெட்டுற இடத்திலை எல்லாருக்கும் கேக்குமாம். அதென்ன சொல்லு எண்டு கேட்டதுக்கு, அதுதான் என்ரை அக்கா எண்டு சொன்னவராம். சொல்லிப் பாத்தவையாம், ஒருத்தருக்கும் வரேல்லையாம். எங்கை வெட்டுறது, எங்கை அழுத்துறது எண்டு தெரியேல்லையாம். மாமா விழுந்து விழுந்து சிரிச்சவராம். போன கிழமை என்னட்டைக் கேட்டவை. நான் உங்கடை குரலை அனுப்பினனான். கோவிக்காதேங்கோ."

தூர்ஸ்டைன் மேசைக்குக் கீழிருந்து ஒரு நீளக் காகித மட்டையை எடுத்தான். மீன் பெட்டி மட்டை. அதில் கறுப்பு மையால் ஐந்து துண்டு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரண்டி கையால் தாளம் போட்டாள். ஐந்து தட்டு, ஐந்தும் ஒரே பலம்.

"பு. னி. த. வ. தி."

அறுபது பேர். ஆலைக்காரர்கள், தாதிமார், கிழவர்கள், மடியில் குழந்தை வைத்திருந்தவர்கள். முதல் எழுத்தை அழுத்த அவர்களுடைய நாக்குத் துடிப்பது தெரிந்தது, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் பெரிதாக்காமல், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார்கள். இரண்டாம் தரமும் சொன்னார்கள். குலசேகரம் சொல்வதுபோலச் சத்தமாக.

புனிதவதி மேசையைப் பிடித்துக்கொண்டார். ராதாகிருஷ்ணன் கதவடியில் முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சீறினார். தனக்கு இவ்வளவு கிடைக்கும் என்று புனிதவதி நினைத்ததேயில்லை. கொடுக்கத்தான் வந்திருந்தார்.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோதுதான், கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது.

"ஓம்," என்றார். "ஓம், நான்தான்."